அமெரி பனித்தட்டின் மேடு பள்ளங்களைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அண்டார்க்டிகாவின் செயற்கைக்கோள் படத்தை முதல்முறை திறப்பவருக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். திரை முழுக்க வெள்ளை. ஆனால் அதே படத்தின் ஒளி அளவுகளைக் கொஞ்சம் விரித்துப் போட்டால் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் வரிகள், வெடிப்புகள், மேடுகள், பனிக்கு அடியில் கிடக்கும் ஏரியின் அடையாளம்கூடத் தெரிய ஆரம்பிக்கும். அந்த வெள்ளைக்குள் இருக்கும் வடிவத்தை எப்படி வெளியே எடுப்பது, எடுத்ததை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் உயரம் கிடையாது. படத்தில் இருப்பது வெளிச்சம். அதிலிருந்து கணக்குப் போட்டு எடுக்க முடிவது சரிவு. அதுவும் சூரியன் இருக்கும் திசையில் உள்ள சரிவு மட்டும். உயரம் வேண்டுமென்றால் லேசர் உயரமானியிடம் போகவேண்டும். லேசரோ மெல்லிய கோடுகளில் மட்டும் அளக்கிறது. இரண்டு கோடுகளுக்கு நடுவே மேடு இருந்தாலும் பள்ளம் இருந்தாலும் அதற்குத் தெரியாது. ஒன்றின் குறையை இன்னொன்று தீர்க்கும். இரண்டையும் ஒன்றோடொன்று சரிபார்க்காமல் போட்ட வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் நம்பமாட்டேன்.

தேவையான சாமான்கள் அதிகம் இல்லை. சுமாரான மடிக்கணினி, இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், லிப்ரே ஆபீஸ் மாதிரி ஒரு விரிதாள், அமெரிக்க நிலவியல் ஆய்வகமான யுஎஸ்ஜிஎஸ்ஸிலும் நாசாவின் எர்த்டேட்டாவிலும் தலா ஒரு கணக்கு. எல்லாமே காசில்லாமல் கிடைப்பவை. பைத்தான் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் கீழே உள்ளதில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

படி 1: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

கண்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க ஆசைப்படாதீர்கள். கிழக்கு அண்டார்க்டிகாவின் அமெரி பனித்தட்டை வைத்துப் பழகச் சொல்வேன். லாம்பர்ட், மெல்லர், ஃபிஷர் என்ற மூன்று பெரிய பனியாறுகள் சேர்ந்து கடலுக்குள் இறங்கி, தரையை விட்டு மிதக்க ஆரம்பிக்கும் இடம் அது. சுமார் 60,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் 2012 முதல் இயங்கிவரும் லார்ஸ்மன் குன்றுகளும் இதே பிரிட்ஸ் விரிகுடாவின் கரையில்தான் இருக்கின்றன.

அமெரியைச் சொல்வதற்குக் காரணம், படிக்கவேண்டிய எல்லா வகை வடிவங்களும் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கின்றன. தெற்கே கோடையில் உருகுநீர் ஏரிகள், நடுவில் நீளமான ஓட்ட வரிகள், கடல் முகப்பில் பெரிய பிளவுகள், பக்கத்தில் பிரின்ஸ் சார்லஸ் மலைகளின் பாறைகள். அந்தப் பாறைகள் பின்னால் நமக்கு ரொம்ப உதவப்போகின்றன.

கேள்வியையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். “இந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம்?” என்பதும் “இந்தப் பள்ளம் போன வருஷம் இருந்ததா?” என்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதற்குத் தரவு இரண்டு மடங்கு, தலைவலி நாலு மடங்கு.

படி 2: வரைபடத் தளத்தை அமைத்தல்

கியூஜிஐஎஸ்ஸில் புதிய திட்டம் திறந்ததும் ஆயத்தொலை முறையை இபிஎஸ்ஜி 3031 என்று மாற்றுங்கள். தென்துருவத்தை நடுவில் வைத்து வரையும் முறை இது. கிரீன்லாந்துக்கும் ஆர்க்டிக்குக்கும் இபிஎஸ்ஜி 3413. வழக்கமான இணைய வரைபடத் தளத்திலேயே துருவப் படத்தைப் போட்டால் தூரமும் பரப்பும் தாறுமாறாக நீண்டுவிடும். அதில் அளந்த எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை.

நார்வே துருவ ஆய்வுக் கழகம் தொகுத்த குவாண்டார்க்டிகா என்ற தரவுத் தொகுப்பு இருக்கிறது. கடற்கரை, பனி தரையைத் தொடும் எல்லை, பாறைகள், ஆய்வு நிலையங்கள் எல்லாம் தனித்தனி அடுக்காகத் தயாராக வரும். கிரீன்லாந்துக்கு அதே மாதிரி கியூகிரீன்லாந்து. இதைப் பின்னணியாகப் போட்டுக்கொண்டால் எந்தப் படம் எங்கே விழுகிறது என்று தேடி அலையவேண்டாம்.

படி 3: சூரியன் தாழ்ந்திருந்த நாளின் படத்தைத் தேடுங்கள்

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. சுவர் பூச்சு சமமாக வந்திருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார் டார்ச்சைச் சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் அடித்துப் பார்ப்பார். நேராக அடித்தால் தெரியாத மேடெல்லாம் அப்போது துருத்திக்கொண்டு நிற்கும். பனியிலும் அதேதான். சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது எடுத்த படத்தில்தான் வடிவம் தெரியும்.

எவ்வளவு வித்தியாசம் என்று கணக்காகவே பார்த்துவிடலாம். பனியின் மேற்பரப்பு ஒளியை ஏறக்குறைய எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறடிக்கும். அதனால் ஒரு இடத்தின் வெளிச்சம், சூரியக் கதிர் அங்கே எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. சூரியனின் உயரக் கோணம் 10 டிகிரி என்று வையுங்கள். சூரியனைப் பார்த்து வெறும் 0.1 டிகிரி சாய்ந்திருக்கும் தளம், சமதளத்தைவிட 1 சதவீதம் அதிகமாக மின்னும். சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருந்தால் அதே சாய்வுக்கு 0.3 சதவீதம்தான். 0.1 டிகிரி என்பது கிலோமீட்டருக்கு 1.75 மீட்டர் ஏற்றம். நேரில் நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.

அமெரி இருக்கும் 70, 71 டிகிரி தெற்கில், அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் காலையில் கடக்கும் நேரத்தில், செப்டம்பர் நடுவிலும் மார்ச் கடைசியிலும் சூரியன் 10 டிகிரி அளவில் இருக்கும். டிசம்பரில் 30-ஐத் தாண்டிவிடும். ஆக, யுஎஸ்ஜிஎஸ்ஸின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் லேண்ட்சாட் 8, 9 படங்களைத் தேடும்போது பளிச்சென்ற கோடைப் படங்களை விட்டுவிட்டுப் பருவத்தின் இரண்டு ஓரங்களுக்குப் போங்கள். கோடைப் படங்கள் ஏரிகளைப் பார்க்கத்தான் லாயக்கு.

தேர்வில் இன்னும் சில விஷயங்கள். சூரிய உயரம் மிகக் குறைவாக உள்ள காட்சிகளுக்குத் தரைப் பிரதிபலிப்பு என்ற இரண்டாம் நிலைத் தரவை யுஎஸ்ஜிஎஸ் தயாரிப்பதில்லை. உச்சிக் கோணம் (90-லிருந்து சூரிய உயரத்தைக் கழித்தது) 76 டிகிரிக்கு மேல் போனால் அது கிடைக்காது. அதனால் முதல் நிலைத் தரவையே எடுக்கவேண்டும். லேண்ட்சாட் 7 படங்கள் வேண்டாம். அது 256 படிகளில் மட்டுமே ஒளியைப் பதிவு செய்தது, பனியின் பிரகாசத்தில் பல இடங்களில் நிரம்பி வழிந்துவிடும். லேண்ட்சாட் 8-ல் 4,096 படிகள், லேண்ட்சாட் 9-ல் 16,384. 1 சதவீத வித்தியாசத்தைத் தேடுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் நன்றாக உதவும். பிக்சல் 10 மீட்டர்.

மேகம்தான் பெரிய தொல்லை. வெள்ளைப் பனிமேல் வெள்ளை மேகம். தானியங்கி மேக வடிகட்டியை இங்கே நம்பாதீர்கள். சிற்றகச்சிவப்பு (குறுகிய அலை அகச்சிவப்பு) அலைநீளப் பட்டைகளில் பனி கருப்பாகவும் நீர்த்துளி மேகம் வெளுப்பாகவும் தெரியும், அதை வைத்துக் கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். லேண்ட்சாட்டில் அது ஆறாம் பட்டை.

படி 4: மேடா, பள்ளமா?

படத்தைத் திறந்து, சிவப்புப் பட்டையின் ஒளி வரம்பைச் சுருக்கினால் வடிவங்கள் எழும்பி வரும். உடனே ஒரு சிக்கலும் வரும்: மேடெல்லாம் பள்ளமாகவும் பள்ளமெல்லாம் மேடாகவும் தெரியும். இதற்குக் காரணம் நம் கண். வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்வது மூளையின் பழக்கம்.

சூரியன் உண்மையில் எங்கே இருந்தது என்பது படத்தோடு வரும் விவரக் கோப்பில் இருக்கும். சன் அசிமுத், சன் எலிவேஷன் என்று இரண்டு வரிகள். முதலாவது சூரியன் இருக்கும் திசை, வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில்; இரண்டாவது அதன் உயரக் கோணம். அமெரியில் லேண்ட்சாட் படத்துக்கு அசிமுத் 50 டிகிரியை ஒட்டி வரும், அதாவது வடகிழக்கு. ஆனால் நம் வரைபடத்தில் வடக்கு மேலே இல்லை. இபிஎஸ்ஜி 3031-ல் கிரீன்விச் தீர்க்கரேகை மட்டும்தான் மேல்நோக்கிப் போகும். மற்ற இடங்களில் வடக்கு என்பது துருவத்திலிருந்து வெளிப்பக்கம் போகும் திசை. கிழக்குத் தீர்க்கரேகையை அசிமுத்தோடு கூட்டினால் வரைபடத் திசை கிடைத்துவிடும். அமெரி 70 டிகிரி கிழக்கில் இருக்கிறது. 50-ம் 70-ம் 120. மேலிருந்து கடிகாரச் சுற்றில் 120 டிகிரி என்றால் வலது கீழ்ப்பக்கம். நம் மூளை எதிர்பார்ப்பதற்கு நேர் எதிர்த்திசை. அதனால்தான் அந்தத் தலைகீழ் மாயம்.

வழி எளிது: படச் சாளரத்தை 180 டிகிரி சுழற்றிப் பாருங்கள், எல்லாம் சரியாகத் தெரியும். வரைபடத்தில் சூரியத் திசைக்கு ஒரு அம்புக்குறி வரைந்து கடைசிவரை அழிக்காமல் வைத்திருங்கள்.

இன்னொன்று. சூரியக் கதிரின் திசையிலேயே நீளும் மேடு, எவ்வளவு உயரமாக இருந்தாலும் படத்தில் தெரியாது. அதன் இரண்டு பக்கச் சரிவுகளும் கதிருக்குக் குறுக்கே இருப்பதால் இரண்டிலும் ஒளி ஒரே அளவில் விழும். “இங்கே ஒன்றுமில்லை” என்று எழுதுவதற்கு முன்னால் வேறு சூரியத் திசையில் எடுத்த படத்தையும் பார்த்துவிடுங்கள். டெர்ரா, அக்குவா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி துருவப் பகுதியை ஒரே நாளில் பலமுறை படம் பிடிக்கிறது. பிக்சல் 250 மீட்டர்தான், ஆனால் காலையும் நண்பகலும் மாலையும் கிடைப்பதால் சூரியன் வெவ்வேறு திசையில் நிற்கும்.

படி 5: நிழலா, நிறமா?

கருப்பாகத் தெரிவதெல்லாம் சரிவு இல்லை. காற்று மேல்பனியை வழித்துவிட்ட இடத்தில் நீலப்பனி வெளியே தெரியும். சிவப்புப் பட்டையில் அது கருப்பு. பனித்துகள் பெரிதானாலும், மலையோரத்துத் தூசி படிந்தாலும் ஒளி குறையும். இவற்றைச் சரிவு என்று எண்ணிக் கணக்குப் போட்டால் இல்லாத பள்ளத்தாக்கு முளைக்கும்.

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. அகச்சிவப்புப் பட்டையைச் சிவப்புப் பட்டையால் வகுத்து ஒரு விகிதப் படம் செய்யுங்கள். லேண்ட்சாட் 8-ல் ஐந்தை நான்கால் வகுக்கவேண்டும். சரிவினால் வரும் ஒளி மாற்றம் இரண்டு பட்டைகளிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பதால் அடிபட்டுப் போய்விடும். பொருளின் மாற்றம் அப்படியே நிற்கும். ஆக, சிவப்புப் படத்தில் தெரிந்த கருப்புப் பட்டை விகிதப் படத்தில் மறைந்துவிட்டால் அது வடிவம். மறையாமல் நின்றால் நீலப்பனியோ வேறெதுவோ. அதைச் சுற்றி ஒரு பலகோணம் வரைந்து அடுத்த படியிலிருந்து விலக்கிவிடுங்கள். அமெரியின் தெற்குப் பகுதியில் இப்படி விலக்கவேண்டியது நிறையவே வரும்.

படி 6: வெளிச்சத்திலிருந்து சரிவு, சரிவிலிருந்து உயரம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம்; விரிதாளே போதும்.

முதலில், கோப்பில் உள்ள எண்களை அப்படியே வகுக்கக்கூடாது. லேண்ட்சாட்டின் முதல் நிலைத் தரவில் பிரதிபலிப்பு வேண்டுமென்றால் எண்ணை 0.00002-ஆல் பெருக்கி 0.1-ஐக் கழிக்கவேண்டும். இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் பாருங்கள். சமதளத்தில் எண் 11,950, பக்கத்தில் ஒரு பிக்சலில் 12,020. நேரடியாக வகுத்தால் வித்தியாசம் 0.6 சதவீதம் என்று வரும். மாற்றிவிட்டு வகுத்தால் 0.1390-ம் 0.1404-ம், வித்தியாசம் 1 சதவீதம். மாற்றாமல் விட்டதில் சரிவில் நாற்பது சதவீதம் காணாமல் போயிற்று.

அப்புறம் சூரியத் திசையில் ஒரு கோடு வரையுங்கள்; முன்பு வைத்த அம்புக்குறியின் திசையிலேயே. சூரியன் இருக்கும் பக்கம் தொடங்கி எதிர்ப்பக்கம் போகட்டும். கோட்டின் இரண்டு முனைகளும் லேசர் தடங்களின் மேல் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள், காரணம் அடுத்த படியில் தெரியும். கோட்டில் விழும் பிக்சல் மதிப்புகளைக் கியூஜிஐஎஸ்ஸின் குறுக்குவெட்டுக் கருவியால் எடுத்து விரிதாளில் ஒட்டுங்கள்.

ஒவ்வொரு மதிப்பையும் அந்தப் பகுதியின் சராசரியால் வகுத்து, ஒன்றைக் கழித்து, வருவதை உச்சிக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுங்கள். உச்சிக் கோணம் என்பது 90-லிருந்து சூரிய உயரத்தைக் கழித்தது. சூரியன் 10 டிகிரியில் இருந்தால் 80, அதன் டேன்ஜென்ட் 5.67. நம் உதாரணத்தில் 0.01-ஐ 5.67-ஆல் வகுத்தால் 0.00176. இதுதான் சரிவு. பிக்சல் நீளம் 30 மீட்டரால் பெருக்கினால் அந்தப் பிக்சலைக் கடக்கும்போது பனி 5.3 சென்டிமீட்டர் ஏறுகிறது. சூரியனைவிட்டு விலகிப் போகும்போது மின்னும் பக்கம் ஏற்றம், மங்கும் பக்கம் இறக்கம். வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் உயரக் கோடு வந்துவிடும்.

இந்த முறை புதிதில்லை. 1990-களில் ராபர்ட் பிண்ட்ஷாட்லர் போன்ற பனி ஆய்வாளர்கள் மேற்கு அண்டார்க்டிகாவின் பனி ஓடைகளில் லேண்ட்சாட் படங்களை வைத்து இப்படித்தான் நுணுக்கமான வடிவங்களை எடுத்தார்கள்.

பலவீனம் கூட்டலில் இருக்கிறது. சராசரியில் 0.2 சதவீதம் பிசகினால்கூட, 3 கிலோமீட்டர் போவதற்குள் 1 மீட்டருக்கு மேல் பொய்யான ஏற்றம் சேர்ந்துவிடும். மெல்லிய மூடுபனி இருந்தால் இன்னும் மோசம். சில நூறு மீட்டர் முதல் சில கிலோமீட்டர் அகலமுள்ள மேடு பள்ளங்களுக்கு இந்த முறை அருமையாக வேலை செய்யும். நூறு கிலோமீட்டர் நீளும் மெதுவான சாய்வுக்கு உதவவே உதவாது.

படி 7: லேசர் கோட்டால் சரிபார்த்தல்

நாசாவின் ஐஸ்சாட்-2, 2018 செப்டம்பர் 15-ல் ஏவப்பட்டது. சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 10,000 பச்சை லேசர் துடிப்புகளை அனுப்பி, திரும்பி வரும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. ஆறு கற்றைகள், மூன்று ஜோடிகளாக. ஜோடிக்குள் 90 மீட்டர் இடைவெளி, ஜோடிகளுக்கு நடுவே 3.3 கிலோமீட்டர். 91 நாளுக்கு ஒருமுறை அதே தடத்துக்குத் திரும்பி வரும். 88 டிகிரி தெற்கு வரை அளக்கும்.

எடுக்கவேண்டிய தரவு ஏடிஎல்06 என்ற நிலப்பனி உயரத் தொகுப்பு. தடத்தில் 20 மீட்டருக்கு ஒரு புள்ளி, ஒவ்வொன்றும் 40 மீட்டர் நீளத்துக்குப் பொருத்திய உயரம். கண்டத்தின் உட்பகுதியில் தரையளவையோடு ஒப்பிட்டபோது இதன் சராசரி உயரப் பிழை 3 சென்டிமீட்டருக்கும் குறைவு என்று வந்தது. ஓப்பன் ஆல்டிமெட்ரி என்ற தளத்தில் வரைபடத்தில் சொடுக்கியே தடங்களைப் பார்க்கலாம். தரக்குறி பூஜ்யம் உள்ள புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் பறக்கும் பனியும் மெல்லிய மேகமும் லேசரை ஏமாற்றும்.

71 டிகிரியில் ஐஸ்சாட்-2-ன் தடங்கள் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகின்றன. நம் சூரியக் கோடு வடகிழக்கிலிருந்து தென்மேற்காக வெட்டிப் போகிறது. ஆகவே சில கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரு லேசர் தடத்தைக் கடக்கும். கடக்கும் இடத்தில் உண்மையான உயரம் தெரியும். இரண்டு கடப்புகளுக்கு நடுவே நம் கூட்டல் கணக்கு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகலைத் தூரத்துக்கு ஏற்றபடி பகிர்ந்து கழித்துவிடுங்கள். இதைச் செய்தபிறகுதான் உங்கள் கோட்டை உயரம் என்று சொல்லலாம்.

தேதியைக் கவனியுங்கள். படம் மார்ச், லேசர் ஆகஸ்ட் என்றால் நடுவே பனி பெய்திருக்கும், பனித்தட்டு நகர்ந்திருக்கும். முடிந்தவரை ஒரே மாதத்துக்குள் பொருத்துங்கள்.

படி 8: ரெமா உயர மாதிரியை எப்படிப் பயன்படுத்துவது

“இவ்வளவு சிரமம் எதற்கு, ரெடிமேடாக உயர மாதிரி கிடைக்கிறதே?” என்று கேட்பீர்கள். கிடைக்கிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் துருவப் புவிசார் மையமும் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வேர்ல்ட்வியூ செயற்கைக்கோள்களின் இரட்டைப் படங்களிலிருந்து செய்த ரெமா, 2018-ல் வெளியானது. துண்டுகளாக எடுத்தால் 2 மீட்டர் நுணுக்கம். வடக்கே அதன் ஜோடி ஆர்க்டிக்டெம்.

பிரமாதமான தரவு, சந்தேகமில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது. ஒட்டிச் சேர்த்த முழு வரைபடத்தில் ஒவ்வொரு பகுதியும் வேறு வேறு தேதியில் எடுத்தது. மிதக்கும் பனித்தட்டில் பிளவுகள் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஓரங்கள் ஒட்டாமல் நிற்கும். வடிவ ஆய்வுக்குத் தேதி தெரிந்த தனித்தனித் துண்டுகளையே எடுங்கள். வழவழப்பான புதுப்பனியில் இரண்டு படங்களையும் பொருத்த அடையாளம் கிடைக்காமல் இரைச்சலோ ஓட்டையோ விழும். துல்லியமாக அந்த மாதிரி இடத்தில்தான் ஆறாம் படியின் ஒளி முறை கைகொடுக்கும்.

துண்டின் உயரம் மொத்தமாகச் சில மீட்டர் ஏறியோ இறங்கியோ இருக்கலாம். இதைச் சரிசெய்யப் பிரின்ஸ் சார்லஸ் மலைகளின் பாறைகள் உதவும். பாறை நகராது, உருகாது. பாறைமேல் விழுந்த லேசர் புள்ளிகளுக்கும் துண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் நடு மதிப்பை எடுத்து, துண்டு முழுவதிலிருந்தும் கழியுங்கள். செங்குத்தான பாறையை விட்டுவிட்டுச் சாய்வு குறைந்த இடங்களை மட்டும் எடுங்கள். பக்கவாட்டில் ரெண்டு மீட்டர் பிசகினாலும் செங்குத்தில் பெரிய பிழையாகிவிடும்.

ரெமாவும் ஐஸ்சாட்-2-ம் தரும் உயரம் டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளத்திலிருந்து அளந்தது, கடல் மட்டத்திலிருந்து அல்ல. அண்டார்க்டிகாவில் இந்த இரண்டுக்கும் பல பத்து மீட்டர் வரை வித்தியாசம் வரும். வெறும் வடிவத்துக்கு இது பொருட்டில்லை. ஆனால் உயரத்தை வைத்துத் தடிமன் கணக்கிடப் போனால் கட்டாயம் மாற்றவேண்டும். மிதக்கும் பனியின் தடிமன், நீருக்கு மேலே தெரியும் உயரத்தைப்போல் தோராயமாக ஒன்பது மடங்கு; உயரத்தில் 1 மீட்டர் பிழை தடிமனில் 9 மீட்டராகும்.

கடைசியாக ஒரு சோதனை. உயர மாதிரியில் செயற்கை நிழல் படம் போடும்போது சூரியத் திசையையும் உயரத்தையும் உங்கள் லேண்ட்சாட் படத்தின் மதிப்புகளாகவே கொடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்தால் எது மாதிரியின் பிழை, எது உண்மையான வடிவம் என்று கண்ணே சொல்லிவிடும்.

படி 9: மாற்றத்தை அளப்பது

மிதக்கும் பனித்தட்டில் இரண்டு தேதிகளின் உயரத்தை நேரடியாகக் கழித்தால் வருவதில் பாதி பொய். அமெரியின் முகப்பு ஆண்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கடலை நோக்கி நகர்கிறது. நேற்று மேடு இருந்த புள்ளிக்கு இன்று பள்ளம் வந்து சேர்ந்திருக்கும். பனி உருகவுமில்லை, வளரவுமில்லை. நாசாவின் இட்ஸ்-லைவ் தொகுப்பில் வேகத் தரவு இருக்கிறது. அதை வைத்துப் பழைய படத்தைப் புதிய தேதிக்கு நகர்த்திவிட்டுக் கழியுங்கள்.

அடுத்து ஓதம். கடல் ஏறி இறங்கும்போது பனித்தட்டும் கூடவே ஏறி இறங்கும். ஏடிஎல்06 தரவில் கடல் ஓதத் திருத்தம் செய்யப்பட்டிருக்காது. திருத்த மதிப்பு தனிப் பத்தியாக இருக்கும், நாம்தான் கழிக்கவேண்டும். அண்டார்க்டிகாவுக்கென்றே செய்த கேட்ஸ் 2008 ஓத மாதிரியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள்.

இதெல்லாம் சேர்ந்து என்ன தரும் என்பதற்கு அமெரியிலேயே ஒரு நல்ல உதாரணம். 2019 ஜூன் மாதம், சூரியனே எட்டிப் பார்க்காத குளிர்காலத்தில், அதன் தென்பகுதியில் பனிமூடியோடு இருந்த ஆழமான ஏரி ஒன்று சில நாட்களில் காணாமல் போனது. சுமார் 1,400 மீட்டர் தடிமனுள்ள பனியைப் பிளந்துகொண்டு 60 முதல் 75 கோடி கன மீட்டர் தண்ணீர் அடியிலிருந்த கடலுக்குள் இறங்கிவிட்டது. டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் வார்னர் குழு 2021-ல் இதை வெளியிட்டது. மேலே சொன்ன அதே சாமான்கள்தான்: லேண்ட்சாட் படம், வேர்ல்ட்வியூ உயர மாதிரி, ஐஸ்சாட்-2 தடம். ஏரி இருந்த இடத்தில் சுமார் 11 சதுர கிலோமீட்டருக்கு நொறுங்கிய பனிக்குழி. ஆழம் 80 மீட்டர் வரை. தண்ணீரின் எடை போனதால் சுற்றியிருந்த பனித்தட்டு மேலே வளைந்து 36 மீட்டர் வரை உயர்ந்திருந்தது. படத்தை மட்டும் பார்த்தவருக்குக் குழி தெரிந்திருக்கும். சுற்றுப்பகுதி உயர்ந்ததை உயர அளவு இல்லாமல் கண்டிருக்கவே முடியாது.

படத்தை மட்டுமே வைத்து மாற்றம் பார்க்கவும் ஒரு முறை உண்டு. ஒரே சூரியக் கோணத்தில், வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த இரண்டு படங்களைக் கழிப்பது. ஹெலன் ஃபிரிக்கர் குழு 2007-ல் மேற்கு அண்டார்க்டிகாவின் வில்லன்ஸ் பனி ஓடையில் இதைச் செய்தது. பனிக்கு அடியில் இருக்கும் ஏரி வற்றியதால் மேற்பரப்பு இறங்கியிருப்பதை முதல் ஐஸ்சாட்டின் லேசர் காட்டியது. ஏரியின் எல்லை எங்கே என்பதை மோடிஸ் படங்களின் வித்தியாசம் காட்டியது. கோணம் ஒன்றிரண்டு டிகிரி மாறினாலும் வித்தியாசப் படம் முழுக்கப் பொய்யான மேடுகளால் நிறைந்துவிடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

உருகுநீர் ஏரியின் ஆழம்

ஜனவரிப் படங்களில் அமெரியின் தெற்கே நீலத் திட்டுகள் தெரியும். ஐஸ்சாட்-2-ன் பச்சை லேசர் தண்ணீருக்குள் போகக்கூடியது; ஏரியின் மேற்பரப்பு, அடிமட்டம் இரண்டிலிருந்தும் ஒளித்துகள் திரும்பி வரும். ஒளித்துகள் தரவான ஏடிஎல்03-ஐ வரைந்தால் இரண்டு கோடுகள் அப்படியே தெரியும். தண்ணீரில் ஒளி மெதுவாகப் போவதால் அந்த இடைவெளி உண்மையைவிட அதிகமாகக் காட்டும், 1.33-ஆல் வகுத்தால் சரியான ஆழம். அதை அதே வாரத்து லேண்ட்சாட் சிவப்புப் பட்டையோடு பொருத்தினால் லேசர் போகாத ஏரிகளின் ஆழத்தையும் மதிப்பிடலாம்.

ரேடாரைப் பற்றி

ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை ஒளிப்படத்தை நம்பிப் பயனில்லை. அப்போது சென்டினல்-1 போன்ற ரேடார்தான் துணை. இருட்டும் மேகமும் அதற்குத் தடையில்லை. ஆனால் ரேடார் படத்தின் வெளிச்சத்தைச் சூரிய வெளிச்சம் மாதிரி படிக்காதீர்கள். அங்கே மின்னுவது சொரசொரப்பாகவோ, வெடிப்பாகவோ, உள்ளே உருகி உறைந்த பனியாகவோ இருக்கலாம். உலர்ந்த பனிக்குள் ரேடார் பல மீட்டர் இறங்கிவிடும் என்பதால் உயரமும் தாழ்வாக வரும். இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2013-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய சரல் செயற்கைக்கோளின் உயரமானி 35.75 கிகாஹெர்ட்ஸில் இயங்கியது; ஐரோப்பாவின் ரேடார் உயரமானிச் செயற்கைக்கோளான கிரையோசாட்-2-ன் 13.6 கிகாஹெர்ட்ஸைவிட அது பனிக்குள் குறைவாகவே ஊடுருவும். பழைய தரவுகளை ஒப்பிடும்போது இந்த வேறுபாடு ஒரு மீட்டருக்கு மேல் போகலாம்.

ரேடார் உயரமானியில் சரிவுப் பிழையும் உண்டு. அதன் கற்றை அகலமானது. எதிரொலி நேர் கீழிருந்து வராமல் மிக அருகிலுள்ள மேட்டிலிருந்து வரும். 800 கிலோமீட்டர் உயரத்தில் 1 டிகிரி சரிவுக்கு இது 120 மீட்டர் பிழை. கிரையோசாட்-2 இரண்டு ஆன்டெனாக்களை வைத்து எதிரொலியின் திசையைக் கண்டுபிடிப்பது இதற்காகத்தான். 2025 ஜூலை 30-ல் ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோளான நிசார், 12 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்குத் திரும்பி வரும். இடப்பக்கம் பார்க்கும்படி அமைத்திருப்பதால் அண்டார்க்டிகாவின் உட்பகுதியை நன்றாகவே எட்டும்.

கடைசிப் படி: வரைபடத்தில் எழுதவேண்டியவை, அடுத்த பயிற்சி

வரைபடத்தின் ஓரத்தில் படத் தேதி, சூரியத் திசையும் உயரமும், லேசர் தடத்தின் தேதி, உயரம் எந்த அடிப்படையிலிருந்து அளந்தது, ஓதத் திருத்தம் செய்தீர்களா இல்லையா, பாறையில் வந்த மீதப் பிழை எவ்வளவு என்று எழுதுங்கள். இவை இல்லாத வரைபடத்தை ஆறு மாதம் கழித்து நீங்களே புரிந்துகொள்ள முடியாது.

அமெரி கைவந்ததும் வோஸ்டாக் ஏரிக்குப் போங்கள். சுமார் 250 கிலோமீட்டர் நீளம், 50 கிலோமீட்டர் அகலம், மேலே கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் பனி. 1991-ல் ஏவிய ஈஆர்எஸ்-1-ன் உயரத் தரவில் அதன் பரப்பு முழுக்க விசித்திரமான சமதளமாகத் தெரிந்தது. ஏரியின் அளவு உறுதியானதில் அந்தச் சமதளத்துக்கும் பங்கு உண்டு. அங்கே தீர்க்கரேகை 105 டிகிரியை ஒட்டி இருப்பதால் அசிமுத்தோடு கூட்டவேண்டிய எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். ஓதம் இல்லை, பனி மிக மெதுவாக நகர்கிறது, பாறை எதுவும் கிடையாது. ஏரிக்குள்ளும் வெளியிலும் போகும் ஒரு ஐஸ்சாட்-2 தடத்தை எடுத்து, 5 கிலோமீட்டர் சராசரியைக் கழித்துவிட்டு மிச்சத்தை வரையுங்கள். ஏரிக்கு வெளியே அடிப்பாறையின் மேடு பள்ளம் பனியின் முகத்திலும் அலையாகத் தெரியும். ஏரிக்குள் நுழைந்ததும் அந்த அலை தணியும். அது தணியும் இடத்தைக் குறித்து, தாழ்ந்த சூரியனில் எடுத்த மோடிஸ் படத்தின்மேல் வைத்துப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.